விசுவாசத்தைப் புதுப்பித்தல்

'சீசன்' என்ற சொல் நமக்குப் புதியதல்ல. ஏறாவூரிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ மட்டக்களப்பு நகரத்துப் பாடசாலைக்குப் போய்வரும் பிள்ளையின் சட்டைப் பையில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சீசன் டிக்கட் இருக்கும். மாதம் முடிந்தால் டிப்போவில் புதுப்பிக்க வேண்டும். பஸ் நேரத்துக்கு வராவிட்டால், பிள்ளையை ஏற்றாமலே போனால், அடுத்த மாதம் தகப்பன் அந்தக் காசைத் தனியார் பஸ்ஸுக்குக் கொடுப்பான். அதற்காக அவனை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. அவனுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் இருந்தது பிரயாணம் மட்டுமே.

இதே பெயரில் இன்னொரு சீட்டு உண்டு. ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்கள் தம் ரசிகர்களுக்கு விற்பது அது. இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் ஒரு கழகம் பருவமொன்றுக்கு 38 போட்டிகள் ஆடுகிறது. அவற்றில் 19 அதன் சொந்த மைதானத்தில் நடக்கும். அந்தப் பத்தொன்பதுக்கும் முன்கூட்டியே பணம் கட்டி ஓர் ஆசனத்தைத் தனதாக்கிக்கொள்வதே சீசன் டிக்கட். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்தவருக்கு ஆசனம் போய்விடும். பெரிய கழகங்களில் விட்ட இடத்தை மீண்டும் பெற ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். பக்கத்து ஆசனத்தில் இருபது வருடமாக இருப்பவர் உறவினரல்ல. ஆனால் அவருடைய சுகதுக்கமெல்லாம் இவருக்குத் தெரியும். தகப்பன் இருந்த ஆசனத்தில் மகன் இருப்பதும் உண்டு.

ஆகவே புதுப்பிக்கும் காலம் வரும்போது அந்த ரசிகன் எதிர்கொள்ளும் கேள்வி, பஸ் சீசன் வைத்திருக்கும் தகப்பனின் கேள்வி அல்ல. கழகம் தோற்கிறது, அல்லது நிர்வாகம் ஏமாற்றுகிறது, அல்லது விலையை ஏற்றுகிறது. நான் பணம் கட்ட வேண்டுமா? கட்டாவிட்டால் நான் விசுவாசம் கெட்டவனா? கட்டினால் அநியாயத்துக்குத் துணை போனவனா?

இதுவெல்லாம் நாம் விவாதிக்க வேண்டிய விடயமா என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2022 உலகக் கிண்ணத்தின்போது கோழிக்கோட்டுக்கு அருகே புல்லாவூரில் ஆற்றுப் பகுதியில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் பேருருவங்கள் எழுப்பப்பட்டன. அந்த நவம்பரிலேயே கேரளத்தின் சமஸ்த அமைப்பின் குத்பா கமிட்டி, விளையாட்டு மோகம் வீரர் வழிபாடாக மாறுவதையும் வீண்விரயத்தையும் கண்டித்தது. இஸ்ராஃப் பற்றிய அந்த எச்சரிக்கையை நானும் ஏற்கிறேன். ஆனால் மனிதன் ஒன்றை நேசித்து, அதற்குப் பணமும் கொடுத்து, பின்னர் அந்தப் பணம் எங்கே போகிறது என்று கலங்குகிற நிலை மைதானத்துக்கு மட்டும் உரியதல்ல. மஹல்லாச் சந்தா கட்டுபவருக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொடுப்பவருக்கும், தேர்தலுக்குத் தேர்தல் ஒரே சின்னத்துக்குப் புள்ளடி போடுபவருக்கும் அந்த நிலை தெரியும். மைதானத்தில் அது மறைப்பில்லாமல் நடக்கிறது. அதனால் அங்கே வைத்துச் சிந்திப்பது இலகு.

முதலில் தோல்வியை எடுத்துக்கொள்வோம். கொச்சியில் கலூர் மைதானத்தைத் தன் வீடாகக் கொண்ட கேரளா பிளாஸ்டர்ஸ் 2014இல் உருவான கழகம். 2014, 2016, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் இந்தியன் சுப்பர் லீக் இறுதிப் போட்டி வரை சென்று மூன்றிலும் தோற்றது. 2016இல் சொந்த மைதானத்திலேயே, சொந்த மக்களின் கண் முன்னாலேயே, பெனால்டி உதைகளில் கிண்ணம் கைநழுவியது. அப்படியிருந்தும் மஞ்சள் சட்டைக்காரர்கள் கலையவில்லை. 'மஞ்ஞப்பட' என்ற ரசிகர் அமைப்பு இந்தியாவின் பெரிய ரசிகர் கூட்டங்களில் ஒன்றாக வளர்ந்தது. மலபாரின் உதைபந்துப் பித்தை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மத்திய கிழக்கில் மலையாளிகளுடன் ஒரே அறையில் தங்கியவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர்.

அதே மஞ்ஞப்பட 2024 டிசம்பரில், டிக்கட் விற்பனையில் இனித் தாம் பங்கெடுப்பதில்லை என்று அறிவித்தது. தங்கள் எதிர்ப்பு அணிமீது அல்ல, நிர்வாகத்தின்மீது என்று தெளிவுபடுத்தியது. மூன்று இறுதிப் போட்டித் தோல்விகள் செய்யாததை, தாம் அலட்சியப்படுத்தப்படுகிறோம் என்ற உணர்வு செய்தது. இதில் ஓர் ஒழுக்கப் பாகுபாடு இருக்கிறது. தோல்வி என்பது முயன்றும் கிடைக்காமற் போவது. அதற்காக விலகுகிறவன் உண்மையில் கழகத்தை நேசிக்கவில்லை, வெற்றியைத்தான் நேசித்தான். பரீட்சையில் சித்தியடையாத மாணவனை ஆசிரியன் கைவிடுவது போன்றது அது. அலட்சியம் வேறு. அன்பு எப்படியும் வந்து சேரும் என்ற நம்பிக்கையில், அந்த அன்பையே முதலாக வைத்து நடத்தும் வியாபாரம் அது. தோல்வியைப் பொறுத்தவர்கள் அதையும் பொறுக்க வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லாது.

அடுத்தது விலை. 2016இல் லிவர்பூல் கழகத்தின் உரிமையாளர்கள், அடுத்த பருவத்தில் விரிவாக்கப்பட்ட பிரதான அரங்கின் சில ஆசனங்களுக்கு ஒரு போட்டிக்கு 77 பவுண் அறவிடப்போவதாக அறிவித்தார்கள். பெப்ரவரி 6ஆம் திகதி சண்டர்லண்ட் அணியுடனான போட்டியின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னணியில் இருந்தது. அவர்கள் போன பிறகு சண்டர்லண்ட் இரண்டு கோல்களைப் போட்டது. ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது.

ரசிகர்கள் இருந்திருந்தால் லிவர்பூல் வென்றிருக்குமா? யாரும் சொல்ல முடியாது. ஆனால் வெளியே நடந்தவர்களின் மனதில் அந்தக் கேள்வி இருந்திருக்கும். தாங்கள் நேசித்த அணிக்கே தங்கள் எதிர்ப்பினால் கேடு வரக்கூடும் என்று தெரிந்துகொண்டுதான் அவர்கள் எழுந்தார்கள். நான்கு நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். 77 பவுண் திட்டத்தைக் கைவிட்டு, உச்ச விலையை அப்போதிருந்த 59 பவுணிலேயே நிறுத்தினார்கள். அன்று இழந்த இரண்டு புள்ளிகள் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் கழகம் என்பது அந்த ஒரு பின்னேரம் மட்டுமல்ல. வசதி குறைந்த ரசிகனும் வந்து உட்காரக்கூடிய நாளைய மைதானமும் அதில் சேர்ந்தது.

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் போதனை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. அநியாயம் செய்யப்பட்ட சகோதரனுக்கு மட்டுமல்ல, அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவ வேண்டும் என்றபோது, பின்னவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் திகைத்தார்கள். அவனை அநியாயத்திலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் கிடைத்தது. விசுவாசம் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இதிலேயே தீர்கிறது. உதவி என்றால் தலையாட்டுவது என்று நினைத்தால், சீட்டைப் புதுப்பிக்காதவன் துரோகிதான். உதவி என்றால் கையைப் பிடித்து நிறுத்துவதும் அடங்கும் என்றால், நீட்டாத பணமும் ஒரு கொடை.

இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் அஸபிய்யத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். ஒரு கூட்டத்தை ஒன்றாகப் பிணைக்கும் அந்த உணர்வின்றி எந்த அரசும் எழாது என்பது அவரது கணிப்பு. மார்க்கம் கண்டிக்கும் அஸபிய்யத் அந்தப் பிணைப்பு அல்ல. தன் கூட்டத்தார் அநியாயம் செய்யும்போதும் அவர்களுக்குத் துணை நிற்பதே கண்டிக்கப்பட்டது. தன் கூட்டத்தை நேசிப்பது வேறு, அதன் தவறைச் சுமப்பது வேறு.

அப்படியானால் விலகிவிடுவதுதான் சரியா? அதற்கு மூன்றாவது உதாரணம். 2002 மே மாதம், விம்பிள்டன் கழகத்தை இலண்டனிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த குழு அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் வீட்டில் முடங்கிவிடவில்லை. சில வாரங்களுக்குள் தங்களுக்கென்று ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற கழகத்தை அமைத்தார்கள். ஒரு பொதுத் திடலில் வீரர்களைத் தெரிவு செய்தார்கள். ஒன்பதாம் படிநிலை லீக்கில் ஆடத் தொடங்கிய கழகம் 2011இல் நான்காம் படிநிலைக்கு ஏறி, ஃபுட்போல் லீக்கில் இடம்பிடித்தது. 2020 நவம்பரில் தன் பழைய வீதியான பிளவ் லேனிலேயே புதிய மைதானத்தில் ஆடத் தொடங்கியது. 2005இல் மான்செஸ்டர் யுனைட்டட் கழகத்தை அமெரிக்கச் செல்வந்தர் மல்கம் கிளேசர் வாங்கி, அதற்காகப் பட்ட கடனில் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே வைத்தபோதும், ஒரு பகுதி ரசிகர்கள் இப்படியே பிரிந்து தமக்கென ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். ஆனால் பல்லாயிரம் பேர் புதுப்பித்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். இருந்தவர்களெல்லாம் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருந்து கோஷம் எழுப்பவும் ஆள் வேண்டும்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை இலங்கை உதைபந்தாட்ட அணி வென்றது. மறு ஆண்டு கிரிக்கெட் உலகக் கிண்ணம் வந்தது. நாடு அந்தப் பக்கம் திரும்பியது. 2023இல் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபா இலங்கையை ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இடைநிறுத்தியது. உலகத் தரவரிசையில் நாம் 200க்கும் பின்னால் நின்ற ஆண்டு அது. காரணங்கள் பல. ஆனால் அவற்றில் ஒன்றை நாம் பேசுவதில்லை. நம்மில் பெரும்பாலோர் அந்த ஆட்டத்தை விட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டோம். எவரும் 77ஆவது நிமிடத்தில் எழுந்து நடக்கவில்லை. இருக்கைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின, அவ்வளவுதான்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் எழுதிய நூலில் இதைப் பற்றிய ஓர் அவதானிப்பு இருக்கிறது. வெளியேற்றம், குரல், விசுவாசம் என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட நூல் அது. நைஜீரியாவில் ரயில் சேவை சீர்கெட்டபோது, வசதியும் அக்கறையும் உள்ளவர்கள் தம் சரக்கை லொறியில் ஏற்றினார்கள். முறையிடக்கூடியவர்கள் போய்விட்டதால் ரயில் திருந்தவேயில்லை. விசுவாசம் என்பது அவர் கணக்கில் கண்மூடித்தனமல்ல. போகலாம் என்ற நிலையிலும் சற்று நின்று, குரல் கொடுத்துப் பார்க்க வைக்கும் பிடிமானம். ஆனால் எந்த நிலையிலும் போக மாட்டான் என்று தெரிந்துவிட்டால் அவன் குரலை யாரும் கேட்பதில்லை. போகக்கூடியவன் நின்று பேசினால்தான் பேச்சுக்கு எடை.

ஆகவே சீட்டைப் புதுப்பிப்பதா இல்லையா என்பதல்ல எனக்கு முக்கியமாகப் படுவது. வாய் திறக்காமல் புதுப்பிப்பவனும் வாய் திறக்காமல் போய்விடுபவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இருவரும் நிர்வாகத்தை அதன் போக்கில் விட்டுவிடுகிறார்கள். முன்னவன் தன் மௌனத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைக்கிறான். பின்னவன் மானம் என்று பெயர் வைக்கிறான். மஞ்ஞப்படவும் லிவர்பூல்காரர்களும் விம்பிள்டன்காரர்களும் எடுத்த முடிவுகள் வேறு வேறு. ஆனால் அவை கூடிப் பேசி எடுத்தவை, எல்லோருக்கும் கேட்கச் சொன்னவை, முடிவெடுத்தவர்களுக்கே ஏதோ ஒரு நட்டத்தை வைத்தவை. மஷூரா என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான். தனியாக ஒருவன் சீட்டைக் கிழித்தால் அது கோபம். பக்கத்து ஆசனக்காரனோடு பேசிச் செய்தால் அது நசீஹத்.

நம் ஊர்களில் சீசன் டிக்கட் விற்கும் கழகங்கள் இல்லை. சந்தாவும், கடைக்காரரின் அன்பளிப்பும், வெளிநாட்டிலிருந்து ஒருவர் அனுப்பும் ஜேசிச் செலவும்தான் நம் கழகங்களின் முதல். பள்ளிவாசலும் சங்கமும் கட்சியும் அப்படித்தான். கணக்கு வாசிக்கப்படாத கூட்டத்தில் கையுயர்த்திவிட்டு வந்து, வெளியே தேநீர்க் கடையில் குறை சொல்லும் பழக்கம் நமக்குண்டு. இன்னொரு சாரார் ஒரு வெள்ளிக்கிழமை முதல் வேறு பள்ளிக்குப் போகத் தொடங்கிவிடுவார்கள். ஏனென்று கேட்டால் சிரிப்பார்கள். இரண்டு சாராரும் தம்மை நல்லவர்கள் என்றே நம்புகிறார்கள்.

சந்தாவைப் புதுப்பிக்கப் போகிறவரிடமும் நிறுத்தப் போகிறவரிடமும் நான் இரண்டே கேள்விகள் கேட்பேன். உங்கள் காரணத்தைப் பொறுப்பானவரின் முகத்துக்கு நேரே சொன்னீர்களா? பக்கத்தில் இருப்பவரிடம் கலந்து பேசினீர்களா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லக்கூடியவர் எந்த முடிவை எடுத்தாலும் அவரோடு எனக்கு வழக்கில்லை.