வேடியப்பனுக்கு முன்னால்

திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் ஊருக்கு வெளியே மரத்தடியிலோ ஏரிக்கரையிலோ வேடியப்பன் இருப்பார். பல ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிற உருவம் ஒரு நடுகல். ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் கெண்டியும் சிமிழும். எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி எழுத்து மழுங்கியிருக்கும். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர் உட்கார்ந்து வாசித்தால், எந்த அரசன் காலம், யாருடைய மாட்டைக் கவர வந்தார்கள், மீட்கப் போய் விழுந்தவன் பெயர் என்ன என்பதெல்லாம் வெளியே வரும். பொங்கல் வைக்கிறவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கு அவர் சாமி. என்றோ ஒருநாள் அவர் யாருக்கோ மகன், யாருக்கோ அண்ணன்.

மதம் எப்படித் தோன்றியது என்ற கேள்விக்கு நம் ஊர் மேடைகளில் அடிக்கடி கேட்ட பதில், பயம். இடிக்கும் மின்னலுக்கும் அஞ்சிய மனிதன் கடவுளைப் படைத்துக்கொண்டான் என்பார்கள். 1871-இல் எட்வர்ட் டைலர் வேறொரு பதில் சொன்னார்: செத்தவர்கள் கனவில் வந்தார்கள், அதனால் உடம்பை விட்டுப் பிரியும் உயிர் என்ற எண்ணம் பிறந்தது, அதிலிருந்து ஆவி, தெய்வம் எல்லாம் கிளைத்தன. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் மனிதன் முதலில் ஒன்றை நம்பினான், பிறகு அதற்கேற்பச் செய்தான் என்று இரண்டுமே வைத்துக்கொள்கின்றன. மண்ணைத் தோண்டினால் நம்பிக்கை கிடைப்பதில்லை, செய்ததுதான் கிடைக்கிறது. செய்ததுதான் மூத்தது என்றே நான் நினைக்கிறேன்.

நாசரேத்துக்கு அருகே கஃப்சே குகையில் சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளையைக் குழி வெட்டிக் கிடத்தி, மார்பருகே மான்கொம்பை வைத்திருக்கிறார்கள். ரஷ்யாவின் விளாதிமிர் நகரத்தை ஒட்டிய சுங்கிரில் சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முந்தைய குழி ஒன்று. இரண்டு பிள்ளைகள், தலையோடு தலை வைத்து, நீட்டிப் படுக்கவைக்கப்பட்டிருக்கிறார்கள். மேலே செங்காவி தூவியிருக்கிறது. மாமூத் யானையின் தந்தத்தில் கடைந்த மணிகள் மட்டும் 10,000-க்கு மேல். தந்தத்தை நிமிர்த்திச் செய்த ஈட்டிகள் பக்கத்தில். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்குத் தொடையெலும்பு வளைந்திருந்தது. உறைபனிக் காலத்தில், தினமும் வேட்டையாடிப் பிழைத்த கூட்டம் அது. ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பை மண்ணுக்குள் போட்டு மூடியிருக்கிறார்கள். அவர்கள் மறுமையை நம்பினார்களா? எலும்பு அதைச் சொல்லாது. அந்தப் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. எனக்கு அது போதும்.

நம் ஆதிச்சநல்லூரிலும் இதே மனம்தான். தாமிரபரணிக் கரையில் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளோடு இரும்புக் கருவிகளும் வெண்கலப் பாத்திரங்களும் பொன் பட்டங்களும் கிடைத்தன. சட்டிகளில் நெல் உமி இருந்தது. பொன்னைவிட அந்த உமியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். செத்தவருக்குப் பசிக்கும் என்று யாரோ அக்கறைப்பட்டிருக்கிறார்கள்.

தாழி மண்ணுக்குள் போனது. நடுகல் மண்ணுக்கு மேலே எழுந்து நின்றது. அதை நடும் முறையைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது: தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதைக் கொண்டுவர நாள் கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. நெல் தூவி வணங்குவதற்கு நடுகல்லைத் தவிர வேறு கடவுள் இல்லை என்ற கருத்தில் மாங்குடி கிழார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் எடுத்தனூரில் எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்திக்குக் கல் நட்டவர்கள், கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் அதே கல்லில் செதுக்கினார்கள். நாயின் பெயர் கோவிவன். சுமார் 1,400 ஆண்டு கடந்தும் அந்தப் பெயர் நமக்குத் தெரிகிறது. நன்றி சொல்லும்போது மனிதன், நாய் என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

தொல்காப்பியத்தின் வரிசை வாழ்த்தோடு நிற்கிறது. இளங்கோவின் சிலப்பதிகாரத்தில் வஞ்சிக் காண்டம் கண்ணகிக்குக் கல் எடுக்கும்போது ஏறக்குறைய அதே வரிசையைக் காதைகளாக வைக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. அதற்குமேல் ஒன்று சேர்கிறது, வரந்தரு காதை. மதம் திரும்பிய திருப்பம் எனக்கு அங்கேதான் தெரிகிறது. அதுவரை நாம் இறந்தவருக்குக் கொடுத்தோம்; இனி அவர் நமக்குத் தருவார். கேட்கும் வழக்கம் இளங்கோ தொடங்கியது இல்லைதான். அள்ளூர் நன்முல்லையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் ஒரு பெண் நடுகல்லைத் தொழுது, கணவனுக்கு நாடு தரும் பெரும்பகை வாய்க்கவேண்டும் என்று கேட்பதோடு, வீட்டுக்கு விருந்தினர் வரவேண்டும் என்றும் கேட்கிறாள். பிறருக்குச் சோறு போட வாய்க்கவேண்டும் என்று வேண்டியவளின் பக்தியை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

குறை சொல்லவேண்டியது அதற்கும் அடுத்த படியை. கொடுப்பது கேட்பதானது, கேட்பது கட்டளையானது. எகிப்தில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்னரே இறந்தவரின் இதயத்தைத் தராசில் வைத்து, மறுதட்டில் நீதித் தெய்வமான மாஅத்தின் இறகை வைத்து எடைபோடும் சித்திரங்கள் வந்துவிட்டன. நாம் சோறு வைத்த ஆள், இப்போது விசாரணைக்கு நிற்கிறார். நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடவுள் ஒருவர் உண்டு என்ற எண்ணம், முகம் தெரியாதவர்களும் ஒருவரையொருவர் நம்பி வாணிகம் செய்யவும் ஊராகச் சேர்ந்து வாழவும் உதவியது என்கிறார்கள். இருக்கலாம். யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்ற கணக்கும் அதே கட்டளையோடுதான் வந்தது. நட்ட கல்லெல்லாம் அன்பால் நட்டதும் இல்லை. கணவன் சிதையில் மாண்ட பெண்களுக்கு எடுத்த மாசதிக்கற்கள் இருக்கின்றன. தீப்பாய்ந்தம்மன் கோயில்கள் இருக்கின்றன. அங்கே கைகூப்பும்போதெல்லாம், அவளைத் தீயின் பக்கம் கூட்டிப்போனவர்கள் யார் என்று கேட்காமல் என்னால் நகர முடிவதில்லை. உயிரோடு இருந்தபோது காக்காமல் விட்ட ஊர், செத்த பிறகு அவளிடம் காப்பு கேட்கிறது.

‘நீங்கள் சாமி உண்டென்று நம்புகிறீர்களா?’ என்று என்னிடம் கேட்பவர்களுக்கு என்னால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடிந்ததில்லை. படைத்தவன் ஒருவன் உண்டா என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் அப்பாவின் நினைவுநாளில் எங்கள் வீட்டில் இலை போடுகிறோம். நம்பாமல் இலை போடுவது பொய்யில்லையா என்று என் தம்பி கேட்பான். அவன் கடவுள் மறுப்பாளன். சுயமரியாதைக் குடும்பங்களில் கருமாதிக்குப் பதிலாகப் படத்திறப்பு வைப்பார்கள். படம், மாலை, வீரவணக்கம், வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. மந்திரத்தையும் புரோகிதரையும் அவர்கள் விட்டார்கள்; இறந்தவரை விடவில்லை. சுங்கிரில் மணி கோத்த கைகளுக்கு நம் நாட்டில் மிக நெருங்கிய வாரிசுகள் அவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன். இதைத் தம்பியிடமும் சொன்னேன். பொய் என்ற பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அப்பாவின் படத்துக்கு மாலை வாங்கிவருவது இப்போது அவன்தான்.

கட்டளையும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா போன முதல் வருஷம் தங்கை இலை போட உட்கார்ந்தாள். “ஆம்பளப் புள்ளைங்க ரெண்டு பேரு இருக்கும்போது நீ எதுக்கும்மா?” என்றார் பெரியப்பா. கோபமில்லை, முறையைச் சொல்கிறோம் என்றுதான் சொன்னார். கடைசி ஆறு மாதமும் அப்பாவுக்குச் சோறு ஊட்டியவள் அவள். சட்டியில் நெல் வைத்தவர் ஆணா பெண்ணா என்று ஆதிச்சநல்லூர்த் தாழிகள் சொல்வதில்லை. பெரியப்பாவிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கவில்லை. “அவளே போடட்டும் பெரியப்பா, அவ கையில சாப்பிட்டுத்தான் அப்பாவுக்குப் பழக்கம்” என்றேன். தங்கை சோற்றை வைத்து, மீன் குழம்பை ஊற்றி, எப்போதும்போல முள்ளை எடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.