இளங்குரலுக்கு ஏற்ற பாத்திரம்

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக இசைப் பள்ளியில் மாணவர் ஓபரா (இசை நாடகம்) 1948-இல் தொடங்கியது. அங்கு ஒரே ஓபராவுக்குப் பெரும்பாலும் இரண்டு பாடகர் குழுக்கள் பயிற்சி பெறுகின்றன. ஒரே பாத்திரத்தை இருவர் வெவ்வேறு இரவுகளில் ஏற்கின்றனர். இதனால் வாய்ப்பும் கூடுகிறது, தொண்டைக்கு ஓய்வும் கிடைக்கிறது. ஓபராப் பாடகரின் குரல் ஒலிபெருக்கியின்றி, வாத்தியக் குழுவையும் மீறிக் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். இருபதுகளின் தொடக்கத்திலோ அக்குரல் இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் பல பாத்திரங்கள் மாணவர்களுக்குப் பொருந்துகின்றன. வாக்னரின் கனமான வேடங்கள் பொதுவாகப் பிற்காலத்துக்கு உரியவை. முதன்மை வேடம் கிட்டாதவர் குழுப்பாடலில் நின்று மேடை ஒழுங்கையும் இத்தாலிய, ஜெர்மானிய உச்சரிப்பையும் கற்கிறார். திறமையை வளர்ப்பதோடு, அதைக் காலத்துக்கு முன்பே செலவழித்துவிடாமல் காப்பதும் கல்வியின் கடமை.