குற்றமும் ஈடும்

ஒருவன் செலுத்திய மோட்டார் வண்டி, நாற்சந்தியில் சிவப்பு விளக்குக் கண்டு நின்ற முன்வண்டியின் பின்புறத்தை முட்டிற்று. உயிர்க்கு ஊறு யாதும் இல்லை. முன்வண்டியின் பம்பர் நசுங்கிற்று. பின்வண்டியின் முகவிளக்கு உடைந்தது. இருவரும் இறங்கினர். ‘நீர் திடீரென நிறுத்தினீர்’ என்றான் பின்வந்தோன். ‘நீர் கைபேசியைப் பார்த்து வந்தீர்’ என்றான் முன்நின்றோன். கூட்டம் கூடிற்று. நகரங்களில் நாடோறும் நிகழும் இச்சிறு நிகழ்ச்சியில் அறத்தின்பாற்பட்டு ஆராயத்தக்கது யாது உளது எனின், பெரிதும் உளது. பெருங்கேடு நேர்ந்தவழி மனிதன் நடுங்கி உண்மை கூறுதலும் உண்டு. சிறுகேட்டின்கண்ணோ பொய் மிக எளிதாய்க் கைக்கு எட்டுகின்றது. ஆதலின் ஆண்டுத்தான் அவன் இயல்பு வெளிப்படும்.

ஈண்டு எழும் வினாக்கள் இரண்டு. குற்றம் யாருடையது என்பது ஒன்று. இழப்பை ஈடுசெய்பவர் யார் என்பது மற்றொன்று. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வதே மயக்கத்திற்கு மூலம். சட்டம் இவற்றை வேறு பிரித்தே வைத்துளது. இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு, மூன்றாம் நபருக்கு நேரும் இழப்பிற்குக் காப்பீடு இன்றிப் பொதுவிடத்தில் வண்டி செலுத்துதலை விலக்கியது. ஊறு செய்தவன் வறியனாயின் ஊறுபட்டவன் ஈடின்றி ஒழிதல் கூடாது என்பதே அதன் கருத்து. 2019-இல் திருத்தப்பெற்ற அச்சட்டத்தின் 164-ஆம் பிரிவோ, உயிரிழப்பிற்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 2.5 லட்சம் ரூபாயும், குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டாமலே வழங்குக என்கின்றது. எனவே குற்றம் நிலைநாட்டப்படாதவழியும் ஈடு செல்லும் என்பது பெறப்படும். ஈடு சென்றமையால் குற்றம் நீங்கிற்று என்பது மட்டும் எவ்வாற்றானும் பெறப்படாது.

இனி, வண்டிக்கு மட்டும் சேதம் நேர்ந்தவழிக் குற்றம் ஆராயப்படுமாறு காண்போம். முன்செல்லும் வண்டி சட்டென நிற்பினும் முட்டாது நிறுத்தற்குப் போதிய இடைவெளி விட்டே பின்வருவோன் செல்லல் வேண்டும் என்பது சாலைவிதி. ஆதலின் பின்னிருந்து முட்டியவன்பால் குற்றம் சார்தல் பெரும்பான்மை. முன்வண்டி பின்னோக்கி நகர்ந்திருப்பினும், அதன் பிரேக் விளக்குப் பழுதுற்றிருப்பினும், குற்றம் இருவர்க்கும் பகுக்கப்படுதலும் உண்டு. வண்டிகளை அகற்றுமுன் எடுத்த படங்கள், கண்காணிப்புக் காமிராவின் பதிவு, அயல்நின்றார் கூற்று என்பன புறச்சான்றுகள். காப்பீட்டு மதிப்பீட்டாளர் ஒடுக்கின் உயரத்தையும் ஆழத்தையும் நோக்கி, எது எதனை எத்திசையில் முட்டிற்று என உணர்வர். ஆயினும் முட்டிய கணத்தில் செலுத்தினவன் கண் எங்கிருந்தது என்பதனைக் காட்டும் சான்று பலகால் ஒன்றே. அஃது அவன் நெஞ்சு. அதனை அவனே மறைப்பின், புறச்சான்றுகள் பலவும் அரைச்சான்றுகளாய் ஒழியும்.

அற்றேல், ‘பணம் கொடுப்பது காப்பீட்டுக் கழகம்; சிறிது மாற்றிக் கூறுதலால் யாருக்கு என்ன நட்டம்?’ என வினவுவாரும் உளர். கழகத்தின் பணமாவது வானத்தினின்று வீழ்ந்ததன்று. முட்டாதாரும் முட்டப்படாதாரும் ஆகிய பலர் ஆண்டுதோறும் செலுத்திய பிரீமியத்தின் தொகுதியே அது. பழைய கீறலைப் புதிய மோதலின் கணக்கில் சேர்ப்பவன், தான் கண்டறியாத பல்லாயிரவர் மடியில் கைவைக்கின்றான். முகம் தெரியாமையால் களவு களவன்றாகாது. காப்பீட்டு ஒப்பந்தமோ மிகுநம்பிக்கையின்மேல் நிற்பது எனச் சட்டநூலார் கூறுவர். ஒருவன் சொல்லை நம்பியே அவன் பொருட்டு மற்றொருவன் பொறுப்பேற்றலின் என்க. இழப்பீடு கோராத ஆண்டுகள் கழியுந்தோறும் சொந்தச் சேதத்திற்குரிய பிரீமியத்தில் 20 விழுக்காடு முதல் 50 விழுக்காடு வரை கழிவு கிடைப்பது வழக்கம். அதனைக் கருதி, தன் வண்டிக்குற்ற சிறுசேதத்தைத் தன் கைப்பொருளால் சீர்செய்துகொள்வது விவேகமே, பொய்யன்று. பிறன் வண்டியை முட்டியதனை மறைத்துச் சுவரில் உரசிற்று என எழுதுவதே பொய்.

மற்றொரு தடை இதனினும் வலிது. காப்பீட்டு ஆவணத்தில், கழகத்தின் எழுத்துமூல இசைவின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளலும், பணம் தருவதாக வாக்களித்தலும் கூடா என்னும் நிபந்தனை ஒன்று உண்டு. அங்ஙனமாயின் உண்மை கூறுதல் ஒப்பந்தத்தை மீறுதல் ஆகாதோ? ஆகாது. நிகழ்ந்தது கூறல் வேறு; கடன் ஏற்றல் வேறு. ‘விளக்குச் சிவந்ததை யான் காணத் தாழ்த்தேன்’ என்பது நிகழ்ந்தது கூறல். ‘உமது செலவு முழுமையும் யானே தருவேன்’ என்பது கடன் ஏற்றல். பின்னதனை விலக்கும் நிபந்தனை முன்னதனைப் பொய்யாக்குமாறு யாரையும் ஏவவில்லை. சட்டத்தின் 134-ஆம் பிரிவும், நிகழ்ந்த நாள், நேரம், இடம், செலுத்தினவன் பெயர் என்பவற்றைக் கழகத்திற்கு எழுத்தில் அறிவித்தலைக் கடமையாக்கிற்று. தொகை இவ்வளவென அறுதியிடுதல் பிறர் தொழிலாகலாம். நிகழ்ந்தவாறு உரைத்தல் தன் தொழிலே. எதிர்நின்றானிடம் ‘உமக்கு ஊறு உண்டோ?’ என வினவுதலையும் வருத்தம் தெரிவித்தலையும் எந்த ஆவணமும் தடுக்காது.

இவை எல்லாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. வண்டிக்கு உரியவர் மகன், ஓட்டுநர் உரிமம் பெறாதவன், செலுத்திச் சென்று முட்டுகின்றான். உண்மை தெரியின் கழகம் தன் பொறுப்பை மறுக்கும், வழக்கும் வரும். உடனே சம்பளத்திற்கு வண்டி ஓட்டும் ஏழையை அழைத்து, ‘நீ ஓட்டினதாகச் சொல், உன்னை யாம் பார்த்துக்கொள்வோம்’ என்கின்றனர். அவன் பிழைப்பு அவர் கையில் இருத்தலின் தலையசைக்கின்றான். மகன் குற்றம் இவ்வாறு கூலிக்காரன் பெயரில் எழுதப்படுகின்றது.

இத்தகைய தந்தையர்க்குத் திருவாரூர்த் தேர்வீதி சொல்லும் விடை ஒன்றுண்டு. பெரியபுராணத்துள் சேக்கிழார் சுவாமிகள் காட்டும் மனுநீதிச்சோழர் வரலாறு அன்பர் யாவரும் அறிந்ததே. ஆன்கன்று தானே தேர்க்காலிற் புகுந்தது. இளவரசன் அதனைக் கருதிக் கொன்றானல்லன். அமைச்சரும் கழுவாய் செய்தால் போதும் என்றனர். மன்னர் அதற்கு இசைந்திலர். அந்நியன் ஒருவன் ஓருயிரைக் கொன்றால் அவனைக் கொல்லும் யான், என் மகன் கொன்றால் கழுவாயோடு விடுவேனோ என்பதே அவர் கருத்து. அவர் விதித்த தண்டத்தை இக்காலத்தார் பின்பற்றுமாறில்லை. கருதாது நேர்ந்த பிழைக்கு இக்காலத்து நீதி அத்துணைக் கடுமை வேண்டுவதும் இல்லை. அவர் கைக்கொண்ட அளவுகோல் ஒன்றே என்பதுதான் கொள்ளத்தக்கது. பிறன் மகனை அளக்கும் கோலாலேயே தன் மகனையும் அளந்தார். ஓட்டுநனைப் பலியாக்கும் தந்தையோ, கோலை மாற்றியதோடமையாது அளக்கப்படும் ஆளையும் மாற்றிவிட்டார்.

நாற்சந்தியில் நின்ற இருவர்க்கும் இஃதே வழி. முட்டியவன் ‘யான் முட்டப்பட்டிருப்பின் என் சொல்வேன்?’ எனவும், முட்டப்பட்டவன் ‘யான் முட்டியிருப்பின் எவ்வளவு கேட்டால் நேர் என்பேன்?’ எனவும் தம்முள் வினவுவராயின், வழக்கின் பெரும்பகுதி அவ்விடத்தே தீரும். எஞ்சிய தொகையைக் கழகம் கொடுக்கும். நசுங்கிய பம்பரைத் தொழிற்சாலையார் நேராக்குவர். கூறிய பொய்யை மட்டும் ஈடுசெய்யும் ஆவணம் எக்கழகத்தும் விற்கப்படுவதில்லை. மனத்தால் எண்ணி வாக்கால் செய்த அவ்வினை, செய்தான்பாலே நிற்கும் என்க.