நினைவு மங்கினும் மனிதரே

மறதிநோயுற்ற முதியவரை, உணவூட்டவும் குளிப்பாட்டவும் வேண்டிய ஓர் உடலாக மட்டுமே காணும் வழக்கத்தை, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் டாம் கிட்வுட், 1997ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் உறுதியாக மறுத்தார். ஒருவரின் ஆள்நிலை, அதாவது மதிப்புக்குரிய தனி மனிதராக விளங்கும் தகுதி, அவருடைய நினைவாற்றலில் அடங்கியிருப்பதன்று. சுற்றியிருப்போர் அவருடன் கொள்ளும் உறவே அதைத் தாங்கி நிற்கிறது என்பது கிட்வுட் கண்ட முடிபு. எனவே, நோயாளியின் தளர்ச்சிக்கு மூளைச் சிதைவோடு பராமரிப்பின் தன்மையும் காரணமாகலாம். முதியவருக்குப் புரியாத வேகத்தில் பேசுதல், அவரே செய்யக்கூடியதைப் பிடுங்கிச் செய்தல், அருகில் இருப்பவரை இல்லாதவராக எண்ணிப் பிறருடன் உரையாடுதல் ஆகியவற்றைக் கிட்வுட் ஆள்நிலையைச் சிதைக்கும் நடத்தைகளாக வகைப்படுத்தினார். இவற்றைச் செய்வோர் பெரும்பாலும் தீய எண்ணம் உடையவரல்லர் என்பதையும் அவர் குறித்தது பெரிதும் போற்றத்தக்கது. ஏனெனில் குற்றஞ்சாட்டப்பட்ட பணியாளர் கற்றுக்கொள்வதில்லை.

கிட்வுட்டும் உடன்பணியாற்றியோரும் உருவாக்கிய கூர்நோக்கு முறையில், பயிற்சி பெற்ற ஒருவர் பராமரிப்பு இல்லத்தின் பொதுக்கூடத்தில் அமர்ந்து, ஒவ்வொரு முதியவரும் என்ன செய்கிறார், எந்த மனநிலையில் இருக்கிறார் என்பதை, அம்முதியவரின் கண்ணோட்டத்தில், 5 நிமிடங்களுக்கு ஒருமுறை பதிவுசெய்கிறார். மாத்திரை கொடுத்த நேரத்தையும் உடல்நிலையையும் மட்டுமே பதிந்தால் தெரியவராத ஒன்று, அதாவது நெடுநேரம் எவரும் பேசாமல் விடப்பட்டவரின் தனிமை, இப்பதிவில் இடம்பெறுகிறது.