ஆண்கன்றின் பங்கு

பாலைக் குற்றமற்ற உணவெனக் கொள்வது நம் நாட்டு வழக்கம். உயிரைப் போக்காமல் பெறுவதால் அது ஜீவகாருண்யத்திற்கு இசைந்தது என்பர். போதிசத்துவரும் கடுந்தவத்தைக் கைவிட்டபோது சுஜாதை அளித்த பாற்சோற்றையே ஏற்றார். பின்னர் மேண்டகர் என்னும் இல்லறத்தார் கறந்த சூட்டோடு பால் வழங்க, பிக்குகள் தயங்கினர். பகவான் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் ஐந்தையும் ஏற்க அனுமதித்தார் என்று விநயத்தின் மகாவக்கம் கூறுகின்றது. இதை மறைத்து வாதிடுதல் நேர்மையன்று.

ஆயினும் அக்காலத்து ஆண்கன்று வளர்ந்து ஏரிலும் வண்டியிலும் பூட்டப்பட்டது. உழைப்பு கடினம், அடியும் உண்டு; எனினும் அதற்குத் தொழுவத்தில் ஓர் இடம் இருந்தது. டிராக்டர் வந்தபின் அவ்விடம் போயிற்று. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலிருந்த எருமைகள் ஏறக்குறைய 11 கோடி. அவற்றுள் பெண் 10 கோடிக்கு மேல். ஆண் ஒரு கோடிக்கும் குறைவு. பிறப்பிலோ இரண்டும் ஏறத்தாழச் சமம். கறவைகளைப் பல்லாண்டு வைத்திருப்பதால் பெண் தொகை கூடும் என்பது மெய்யே. அதுமட்டும் இவ்வளவு வேற்றுமையை விளக்காது. பாலின்றி மெலிந்து மாண்ட ஆண்கன்றுகள் பல; இறைச்சிக்கு விற்கப்பட்டவை பல. மாண்ட கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின்முன் நிறுத்திக் கறப்பதை நம்மில் முதியோர் கண்டிருப்பர். தாய் அதனை நக்கும், மடி சுரக்கும்.

அப்பாலை அருந்தினோர் தூயோர் எனப்பட்டனர். அக்கன்றைச் சுமந்துசென்று தோலுரித்தோர் தீண்டத்தகாதோர் எனப்பட்டனர். ஒரே தொழுவத்திலிருந்து புறப்பட்ட இரண்டு பொருள்களில் ஒன்று மேன்மையையும் மற்றொன்று இழிவையும் எங்ஙனம் தரும்? நான் அறிந்தவரை இதற்கு ஒருவரும் விடை கூறியதில்லை.

தன்பொருட்டுக் கொல்லப்பட்டதெனக் கண்டதும், கேட்டதும், ஐயுற்றதும் இல்லாத இறைச்சியையே பிக்கு ஏற்கலாம் என்பது பகவான் வகுத்த நெறி. பாலை இவ்வளவுகோலால் அளந்தால் என்ன? பிக்கு இட்டதை உண்பவர். நாமோ காசு கொடுத்து வரவழைப்பவர். கண்டிலோம், கேட்டிலோம் என்று நாம் கூறலாம். ஐயுற்றிலோம் என்று, மேற்கூறிய கணக்கைப் படித்தபின் கூற இயலுமா?

ஓர் எருமையால் பிழைக்கும் நிலமற்ற குடும்பத்தை நோக்கி, 'கன்றுக்கு ஏன் பால் விடவில்லை?' என வினவுவது எளிது. அவ்வீட்டில் குழந்தைக்கும் பால் மிஞ்சுவதில்லை. முழுவதும் விலைக்குப் போகின்றது. வினா அவர்களுக்குரியதன்று. கன்றின் பங்கையும் சேர்த்து விலை கொடுக்க, அல்லது அப்பங்களவு குறைத்துக் குடிக்க, நகரத்தில் வாழும் நாம் ஆயத்தமா என்பதே வினா.

சென்ற வைசாகப் பௌர்ணமியன்று எங்கள் இல்லத்துப் பாயசம் தேங்காய்ப்பாலில் ஆயிற்று. சுஜாதையின் நினைவுக்கு அது குறையென்று வீட்டில் ஒருவர் வருந்தினார். தயிரை நான் இன்னும் விட்டேனில்லை.