மூடிய தொட்டியும் நம்பும் உரிமையும்

ஒரு நம்பிக்கை பலித்துவிட்டது என்பதாலேயே அதைக் கொண்டிருக்கும் உரிமையும் நம்பியவருக்கு இருந்தது என்று ஆகிவிடுமா என்னும் வினாவை, ஆங்கிலேயக் கணிதவியலாளரும் தத்துவவாதியுமான வில்லியம் கிங்டன் கிளிஃபோர்டு 1877இல் வெளிவந்த ‘நம்பிக்கையின் அறவியல்’ என்னும் கட்டுரையில் எழுப்பினார். பழைய கப்பலைப் பற்றித் தமக்கு எழுந்த ஐயங்களை அடக்கிக்கொண்டு, அது கரைசேரும் என்று மனமார நம்பிப் பயணிகளை ஏற்றி அனுப்பும் உரிமையாளர், கப்பல் மூழ்கினாலும் மூழ்காவிட்டாலும் குற்றவாளியே என்பது அவரது தீர்ப்பு.

அமெரிக்காவில் அலுமினியத் தகடுகளைக் கொண்டு தம் கையாலேயே விமானம் கட்டுவோர், குறிப்பாக ஓரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானங்களைக் கட்டுவோர், இறக்கையின் முன்விளிம்பாகவே அமையும் எரிபொருள் தொட்டியை மூடும் கட்டத்தில் இவ்வினாவைச் சந்திக்கின்றனர். தகடுகள் பொருந்தும் இடங்களிலும் ரிவெட்டுகளைச் சுற்றிலும் பூசப்படும் சீலன்ட், அதாவது பெட்ரோலில் கரையாமல் ரப்பர்போல் இறுகும் பாலிசல்ஃபைடு பசை, மாங்கனீசு டைஆக்சைடு கொண்ட கருநிற இறுக்கியுடன் பொதுவாக எடையில் 10க்கு 1 என்ற அளவில் கலக்கப்பட்டு, வகைக்கேற்ப அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பூசி முடிக்கப்பட வேண்டியது. ஆயினும் அதன் பிடிமானம் பூசும் திறத்தைவிட, உலோகப் பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவதையும் கரைப்பானால் எண்ணெய்ப்பசை போகத் துடைப்பதையுமே பெரிதும் சார்ந்துள்ளது. தொட்டியை மூடும் பின்தடுப்புத் தகட்டைப் பொருத்தியபின் அந்தப் பரப்பை எவரும் காண முடியாது.

மூடிய தொட்டியைச் சோதிக்க வழி உண்டு. காற்றுப்போக்கிக் குழாயில் பலூனைக் கட்டி, மெல்லிய அழுத்தத்தில் காற்றை உள்ளே நிறுத்தி, இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கின்றனர்; பலூனோ கசிவே இல்லாதபோதும் இரவுக் குளிரில் சுருங்கி மனத்தைக் கலக்கும். இச்சோதனை இன்றைய கசிவைக் காட்டுமே தவிர, சரியாகத் துடைக்கப்படாத பரப்பிலிருந்து சில ஆண்டுகள் கழித்துப் பசை விடுபடப்போவதைக் காட்டாது. ஐயத்தின்மேல் பூச்சுப் பூசும் முயற்சியும் நடந்ததுண்டு: மூடிய தொட்டிக்குள் திரவத்தை ஊற்றிக் குலுக்கி, உட்புறம் முழுவதும் படியவிடும் முறை ஒரு காலத்தில் வழங்கியது, அப்படலம் உரிந்து எரிபொருள் வடிகட்டியை அடைத்ததால் அது மதிப்பிழந்தது.

சான்றுகளால் முடிவுகாண இயலாததும் தேர்வைத் தவிர்க்க முடியாததுமான இடத்தில் மனிதன் நம்பத் துணியலாம் என்று 1896இல் வில்லியம் ஜேம்ஸ் கிளிஃபோர்டுக்கு மறுப்புரைத்தார். இறைநம்பிக்கைக்கு அவ்வாதம் பொருந்தலாம், தொட்டிக்குப் பொருந்தாது, ஏனெனில் மூடுவதற்குமுன் சான்று கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தது, அப்போது அதைத் தேடாதவர் பின்னர் சான்றின்மையைக் காரணம் காட்ட இயலாது. இப்படிக் கையால் கட்டிய விமானத்தில், தரச்சான்று பெற்ற விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இவ்விமானம் உட்பட்டதன்று என்னும் அறிவிப்பு பயணியின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதைப் படித்து ஏறுபவர் விமானத்தின் வகையை ஏற்கிறாரே அன்றித் துடைக்காமல் விட்ட தகட்டை ஏற்கவில்லை. அதற்கான பொறுப்பு, கசிவு என்றுமே தோன்றாவிட்டாலும், கட்டியவருடையதே.