எடை போடச் சொல்லுங்கள்!

சிலிண்டர் வந்து இறங்குகிறது. கொண்டுவந்தவர் ஓ.டி.பி. எண் கேட்கிறார். அந்த நேரத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "அண்ணே, எடை போட்டுக் காட்டிட்டுப் போங்க." சிலிண்டரின் மேல்பகுதிப் பட்டையில் அதன் காலி எடை எழுதியிருக்கிறது. அதோடு 14.2 கிலோவைக் கூட்டுங்கள். அந்த எடை தராசில் வர வேண்டும். கேட்பது உங்கள் உரிமை, காட்டுவது அவர் வேலை.

ஆனால் எத்தனை வாசல்களில் இந்த வாக்கியம் ஒலிக்கிறது? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு எண்ணைச் சொல்லிக் கதவைச் சாத்துகிறோம். ஏன்? "இதுக்குப் போய் இவ்வளவு கணக்குப் பாக்குறாங்களே" என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். உங்கள் வீட்டுப் பணத்தைத் தின்கிற முதல் எலி அந்தக் கூச்சம்தான். விலைவாசி அதற்கு அப்புறம்தான் வருகிறது.

யோசித்துப் பாருங்கள். துணிப்பை எடுத்துப் போகக் கூச்சம். மளிகைக் கடையில் பில்லைச் சரிபார்க்கக் கூச்சம். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நம் சக்திக்கு ஏற்ற மொய் எழுதக் கூச்சம். பிள்ளையிடம் "இந்த மாசம் முடியாதுப்பா" என்று சொல்லக் கூச்சம். ஆனால் மாதக் கடைசியில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஆயிரம் ரூபாய் கைமாற்று கேட்கும்போது மட்டும் அந்தக் கூச்சம் எங்கே போய்விடுகிறது? அங்கே தலை குனிவதைவிடத் தராசின் முன் தலை நிமிர்ந்து நிற்பது எவ்வளவோ மேல்!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வேளைச் சோற்றுக்கே வருமானம் எட்டாத குடும்பத்திடம் போய்ச் சிக்கனம் பேசுவது திமிர். அவர்களுக்குத் தேவை கூலி உயர்வு, உபதேசம் இல்லை. நான் பேசுவது உங்களோடு. சம்பளம் வருகிறது, செலவும் நடக்கிறது, மாதம் முடியும்போது கையில் ஒன்றும் நிற்பதில்லை, எங்கே போனதென்றும் தெரியவில்லை என்கிறீர்களே, உங்களோடு.

எங்கே போனதென்று தெரியவில்லையா? மீட்டர் பெட்டியிலிருந்து தொடங்குவோம். வாருங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். இதுவரை எல்லோருக்கும் தெரியும். 500 என்ற எண்ணில் ஒரு படுகுழி இருப்பது பலருக்குத் தெரியாது. அந்த எண்ணைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையும் போய்விடுகிறது. 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகான கணக்குப்படி, 500 யூனிட்டில் நின்ற வீட்டுக்கும் 501-ஐத் தொட்ட வீட்டுக்கும் பில்லில் வித்தியாசம் 200 ரூபாய்க்கு மேல். ஒரே ஒரு யூனிட்டுக்கு! யாருமில்லாத அறையில் சுற்றிய மின்விசிறி அந்த யூனிட்டாக இருந்திருக்கலாம்.

இனி ரீடிங் எடுப்பவர் வந்து சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி டம்ளரோடு மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வாரத்துக்கு 56 யூனிட்டுக்குள் இருந்தால் 500-க்குள் அடங்கிவிடும். மூன்றாவது வாரமே 70, 75 என்று ஓடினால் திருத்திக்கொள்ள உங்களுக்கு இன்னும் ஐந்தாறு வாரம் மிச்சமிருக்கிறது. பில் வந்தபின் அலறுவதில் என்ன பயன்?

எதைத் திருத்துவது? மின்விசிறியை. நம் வெயிலுக்கு ஏறக்குறைய ஆண்டு முழுக்க ஓடுவது அதுதான். பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்று கடைகளில் விற்கும் புது வகை 30 வாட்டில் அதே காற்றைத் தரும். தினம் 15 மணி நேரம் ஓடுகிற ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் குறையும். மூன்றை மாற்றினால் 120. விலை கொஞ்சம் கூடுதல்தான். தினமும் அதிக நேரம் சுற்றும் ஒன்றை மட்டும் இந்தத் தீபாவளிக்கு மாற்றுங்கள், மற்றது பிறகு. ஏ.சி. வைத்திருப்பவர்களே, ஒவ்வொரு டிகிரி ஏற்றி வைக்கும்போதும் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 முதல் விற்கும் ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி போட்டதும் அதனால்தான். அதை 18-க்கு இறக்கிவிட்டுக் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறீர்களே, இந்த வேடிக்கையை என்னவென்று சொல்ல!

டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டால் எல்லாம் அணைந்ததாக அர்த்தமில்லை. செட்டாப் பாக்ஸ் விழித்திருக்கிறது. 10 வாட் இழுக்கும் ஒரு பெட்டி இரவும் பகலும் விழித்திருந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்க எழுந்து நாலடி நடக்க வேண்டும். நடங்கள்! ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் கையோடு வந்தால் கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டது. அந்த வழியாகக் குளிர்ச்சியும் காசும் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒழுகும் குழாயும் அப்படித்தான். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் ஒரு வாளி நிரம்பிவிடும். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு வரிசையில் நின்ற சென்னைக்காரர்களிடம் கேளுங்கள், ஒரு வாளித் தண்ணீரின் மதிப்பைச் சொல்வார்கள். வாஷர் ஒன்று மாற்றினால் தீர்ந்த கதை.

அடுப்படியில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் பாட்டிகள் சொல்லிவிட்டுப் போனதுதான். பருப்பையும் அரிசியையும் ஊற வைத்து வேக வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். பாத்திரத்தை மூடுங்கள். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது, கழுவுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உழவர் சந்தை இருந்தும் போகாதவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை. 1999-ல் மதுரையில் தொடங்கியது, இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்கும் இடம் அது. பீர்க்கங்காய்த் தோலைக் குப்பையில் கொட்டும் வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம்தான் வரும். காசு போகிறதே என்று அல்ல. அருமையான துவையல் போகிறதே என்று!

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள். தட்டில். அதிலும் அம்மாவின் தட்டில். எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைத் தின்று பால், முட்டை, பழத்தைத் தனக்கென்று எடுக்காமல் குடும்பத்தைக் கரையேற்றுவதாக நினைக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. உடம்பை உருக்கிச் சேர்த்த காசு ஆஸ்பத்திரிக்குத்தான் போய்ச் சேரும். அதற்குப் பெயர் சேமிப்பு இல்லை, தோழிகளே. உங்கள் தட்டை முதலில் நிரப்புங்கள்.

சரி, எல்லாம் செய்தாயிற்று. மின்சாரத்தில் முந்நூறு, கேஸில் நூறு, காய்கறியில் இருநூறு குறைந்துவிட்டது. மாதக் கடைசியில் அந்த அறுநூறு கையில் இருக்கிறதா?

இருக்காது! சிக்கனம் பேசும் பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். பேருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. போக 10, வர 10 என்று தினம் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு மாதம் 25 நாள் வேலை என்றால் 500 ரூபாய் மிச்சம். அந்த 500 எங்கே? டீக்கடை க்யூ.ஆர். கோடில் பத்து பத்தாகப் போயிருக்கும். பார்க்காத ஓ.டி.டி. தளம் ஒன்று ஆட்டோபேயில் எடுத்திருக்கும். செல்போனை ஆட்டிப் பணம் கொடுக்கிற காலத்தில் காசு கையைவிட்டுப் போவது கைக்கே தெரிவதில்லை. குறைத்த செலவு தானாகச் சேமிப்பாக மாறாது. அதே நாளில், அதே கையால், வேறு இடத்துக்கு மாற்றினால்தான் அது உங்கள் பணம்.

நம் பெண்களுக்கு இந்தக் கலை தெரியாததா? அஞ்சறைப் பெட்டியின் அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் சிறுவாடு சேர்த்த பரம்பரை இது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது எத்தனை வீடுகளில் அந்தப் பெட்டிகள் திறந்தன! வீட்டுக்காரருக்கே தெரியாமல் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுத்து மாற்றுவதென்று தவித்தவர்கள் ஏராளம். சேர்க்கும் திறமை இருந்தது. சேர்த்ததற்கு ஒரு கணக்கு இல்லாமல் போயிற்று. தர்மபுரியில் 1989-ல் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது இதே பெண்கள்தான் சின்னச் சின்னத் தொகையைக் குழுவில் போட்டு, கணக்கு எழுதி, வங்கி மேலாளருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கடன் கேட்கும் நிலைக்கு வந்தார்கள். அஞ்சறைப் பெட்டியில் கிடந்த சில்லறை கணக்குப் புத்தகத்துக்குள் போனதும் அவர்களுக்கு ஊரில் மரியாதையே மாறிவிட்டது.

அந்த மரியாதை உங்களுக்கு வேண்டுமென்றால் இந்தக் கணக்கைப் பாருங்கள். அவசரத்துக்குப் பத்தாயிரம் ரூபாயை ஊரில் சொல்கிற "பத்து வட்டி"க்கு வாங்குகிறீர்கள். மாதம் ஆயிரம் வட்டி. ஐந்து வருடம் இழுத்தால் 60,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அசல் பத்தாயிரம் குத்துக்கல்லாக அப்படியே நிற்கும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது, வட்டிக்காரர் இன்னும் தெருவில் வந்துகொண்டுதான் இருக்கிறார். இப்போது அதே ஆயிரத்தைத் தபால் நிலையத்தில் தொடர் வைப்புக் கணக்கில், நாம் ஆர்.டி. என்கிறோமே அதில், மாதாமாதம் போடுங்கள். 6.7 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத்தில் கைக்கு வருவது 71,000 ரூபாய்க்கு மேல். கணக்குத் தொடங்கிய நாளின் வட்டி கடைசிவரை மாறாது. பன்னிரண்டு தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால், இருக்கும் தொகையில் பாதிவரை அங்கேயே கடனும் வாங்கலாம்.

அதே ஆயிரம் ரூபாய், அதே ஐந்து வருடம். ஒன்றில் நீங்கள் தெருமுனையில் வட்டிக்காரரின் பைக் சத்தம் கேட்டால் கதவை மூடிக்கொள்கிறீர்கள். இன்னொன்றில் ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணத்தை உங்கள் சொந்தப் பணத்தில் கட்டுகிறீர்கள். எது வேண்டும்? முடிவெடுக்க வேண்டியது உங்கள் முதலாளியோ அரசாங்கமோ ஜாதகமோ இல்லை. நீங்கள்!

"எனக்கு ஆயிரமெல்லாம் முடியாது" என்கிறீர்களா? நூறு ரூபாயிலும் ஆர்.டி. உண்டு. பேருந்தில் மிஞ்சிய 500-ஐ மட்டும் போட்டாலும் ஐந்து வருடத்தில் 35,000-த்தைத் தாண்டும். பதிவு பெறாத தீபாவளிச் சீட்டில் போட்டுவிட்டு, நடத்தியவர் ஊரைவிட்டு ஓடியபின் காவல் நிலைய வாசலில் நிற்காதீர்கள். அதிக லாபம் என்று யார் ஆசை காட்டினாலும், "பதிவு எண்ணைக் காட்டுங்க" என்று கேளுங்கள். சிலிண்டருக்கு எடை கேட்கக் கற்றுக்கொண்ட வாய்க்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

கஞ்சன் என்பார்கள். சொல்லட்டும்! பிச்சுப்பிச்சுக் கணக்குப் பார்க்கிறாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்! அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவராவது உங்கள் வட்டியைக் கட்ட வருவாரா? உழைத்துச் சம்பாதித்த ஒவ்வொரு ரூபாயிலும் உங்கள் வியர்வை இருக்கிறது. அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமை உங்களைவிட வேறு யாருக்கு இருக்கிறது?

இன்று இரவு படுக்கப்போகும் முன் செட்டாப் பாக்ஸ் சுவிட்சை அணையுங்கள், மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். நாளை காலை ஆதார் அட்டை, பான் அட்டை, இரண்டு புகைப்படம், ஒரு நூறு ரூபாய் நோட்டு எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தபால் நிலையத்துக்குப் போய் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். கிளம்புங்கள்!